கருவறையில் முளைத்த கட்டி

பனிக்குடம் உடைந்து, முன்னங்கால்கள் இரண்டும் அவற்றின்மேல் படிந்த மூக்கும் தெரிந்து, கன்று வைக்கோல்மேல் வந்து விழுந்தாயிற்று. தாய்ப்பசு திரும்பி நின்று நக்கத் தொடங்குகிறது. ஈரம் உலர உலர மயிர் எழும்புகிறது. அப்போதுதான் டார்ச் வெளிச்சத்தில் அது கண்ணில் படுகிறது. தோளுக்குச் சற்றுக் கீழே, நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. கறுப்பாக, மயிரில்லாமல், பளபளவென்று இருக்கிறது. விரலால் தள்ளினால் தோலோடு சேர்ந்து நகர்கிறது. கன்றுக்கு வலி இருப்பதாகத் தெரியவில்லை. அது தள்ளாடி எழுந்து மடியைத் தேடுவதிலேயே குறியாக இருக்கிறது.

கொட்டகையில் நிற்பவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். “சினையா இருக்கும்போது கிரகணம் பட்டிருக்கும்” என்பார் பாட்டி. “ஊரெல்லாம் தோல் கழலை நோய் வந்துச்சே, அதுவா இருக்கும்ணே” என்பார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். “பாலுண்ணிதான், குதிரை மயிரைச் சுத்திக் கட்டிவிட்டா தானா விழுந்துடும்” என்பார் இன்னொருவர். நாலாவது ஒரு சந்தேகம் எல்லார் மனதிலும் இருக்கும். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத கன்றுக்குப் புற்றுநோய் வருமா?

வரும். ஆனால் அது கிழட்டு மாட்டுக்கு வரும் புற்றிலிருந்து மிகவும் வேறுபட்டது. பத்து வயது மாட்டின் கட்டிக்குப் பின்னால் பத்து வருட வெயில், கிருமி, தேய்மானம் என்று நீண்ட கணக்கு இருக்கும். கன்றுக்கு அந்தக் கணக்கே இல்லை. அதன் ஆயுள் முழுவதும் கருப்பையின் இருட்டில் கழிந்த சுமார் 280 நாட்கள்தான். கட்டி எதிலிருந்து முளைத்தது என்ற கேள்விக்கு அந்த 280 நாட்களுக்குள்தான் பதில் தேட வேண்டும். கன்று எப்படிக் கட்டப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அதன் கட்டியைப் புரிந்துகொள்ள வழியில்லை.

முதலில், இது எவ்வளவு அரிது என்பதைப் பார்த்துவிடலாம். 1960களில் பிரிட்டனில் 100 இறைச்சிக்கூடங்களில் ஓராண்டு முழுவதும் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. வெட்டப்பட்ட சுமார் 13 லட்சம் மாடுகளில் கண்டெடுக்கப்பட்ட கட்டிகள் 302. சுமார் 45 லட்சம் செம்மறிகளில் 107, சுமார் 37 லட்சம் பன்றிகளில் 139. எல்லா வயது மாடுகளையும் சேர்த்தே ஏறத்தாழ 4,300 மாட்டுக்கு ஒரு கட்டி. அதிலும் பிறவியிலேயே வருபவை ஒரு சிறு துளி. அதனால்தான் கன்றுகளின் கட்டிகளைப் பற்றிய அறிவு பெரிய ஆய்வுக்கூடங்களிலிருந்து வரவில்லை. ஒரு மருத்துவர் ஒரு கன்றைப் பார்த்தார், கட்டியை வெட்டி நுண்ணோக்கியில் பார்க்கச் செய்தார், ஒரு பக்கம் எழுதி இதழுக்கு அனுப்பினார் என்று சிறுகச் சிறுகச் சேர்ந்த அறிவு இது. நெதர்லாந்தின் நோய்க்குறியியலாளர் விம் மிஸ்டார்ப் இப்படிச் சிதறிக் கிடந்த குறிப்புகளைத் திரட்டி 2002இல் தொகுத்தார். கன்றுகளில் என்னென்ன கட்டிகள் வருகின்றன என்பதற்கு ஒரு முழுப் படம் அப்போதுதான் கிடைத்தது.

அந்தப் படத்தில் ‘கட்டி’ என்ற ஒரே சொல்லுக்குள் பல வகைகள் அடங்கியிருக்கின்றன. இரத்தக்குழாய்கள் கொத்தாகப் பின்னிக்கொண்டவை, நிறமிச் செல்கள் குவிந்தவை, நிணநீர்ச் செல்கள் பெருகியவை, நரம்புறையில் முளைத்தவை. இவற்றில் சில உண்மையான புற்று. சில, பார்வைக்கு மட்டும் புற்று.

ஜெர்மன் நோய்க்குறியியலாளர் ஓய்கன் ஆல்பிரெக்ட் இந்த இரண்டாவது கூட்டத்துக்கு 1904இல் ஒரு பெயர் வைத்தார்: ஹமர்டோமா. குறி தவறுதல், பிழைத்தல் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தது. அந்த இடத்தில் இருக்க வேண்டிய திசுதான், ஆனால் அளவும் ஒழுங்கும் தப்பி வளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். கொத்தனார் அதே செங்கல்லையும் அதே காரையையும் வைத்து, சுவர் கட்ட வேண்டிய இடத்தில் ஒரு குவியலை எழுப்பிவிட்டுப் போனதுபோல. கன்றுகளின் கீழ்த்தாடை ஈறில் முன்பற்களை ஒட்டி இளஞ்சிவப்பாக ஒரு சதை தொங்குவதுண்டு. அது பெரும்பாலும் இந்த வகை இரத்தக்குழாய்ப் பிழைதான். பால் குடிக்கும்போது இரத்தம் கசிவதைப் பார்த்துப் பயந்து போவார்கள். வெட்டியெடுத்தால் கன்று பிழைத்துக்கொள்ளும்.

இன்னொரு பிழை இதைவிட விசித்திரமானது. திசுவில் குறை ஒன்றும் இருக்காது, இடம்தான் தவறியிருக்கும். கன்றின் கண்ணை ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பாருங்கள். கருவிழியின் ஓரத்தில், வெள்ளை விழியைத் தொட்டபடி, துவரம்பருப்பு அளவில் ஒரு மேடு. அதன்மேல் மயிர். கன்றின் உடம்பில் உள்ள அதே மயிர், கண்ணின்மேல் கொத்தாக நிற்கிறது. இமை மூடித் திறக்கும்போதெல்லாம் அது கருவிழியை உரசுகிறது, கண்ணீர் கன்னத்தில் கோடு போட்டு வழிகிறது. இதற்கு டெர்மாய்டு என்று பெயர். வெட்டிப் பார்த்தால் மேல்தோல், வியர்வைச் சுரப்பி, எண்ணெய்ச் சுரப்பி, மயிர்க்கால் எல்லாம் முறைப்படி அமைந்திருக்கும். ஒரு துண்டுத் தோல், முகவரி மாறி விழியில் குடியேறிவிட்டது. ஹெர்ஃபோர்டு இனத்தில் இது பரம்பரையாக வருவது பதிவாகியிருக்கிறது. கலப்பினக் கன்றுகளிலும் கால்நடை மருத்துவர்கள் இதைப் பார்க்கிறார்கள். கண்ணை மரத்துப்போகச் செய்து, கருவிழியின் மேலடுக்கோடு அந்தத் தோலைச் சீவி எடுத்துவிட்டால் பார்வை தப்பிவிடும்.

கட்டிகளின் பிறப்பையே இப்படி ‘வழிதவறிய கருத்திசு’ என்று விளக்க முயன்றவர் யூலியுஸ் கோன்ஹைம். 1877இல் அவர் சொன்ன கருத்து இதுதான்: கரு வளரும்போது தேவைக்குமேல் உண்டான சில செல்கள் வேலை கிடைக்காமல் திசுவுக்குள் தங்கிவிடுகின்றன, பிற்காலத்தில் அவைதான் கட்டியாக எழுகின்றன. எல்லாப் புற்றுக்கும் இது பொருந்தாது என்று பின்னால் தெரிந்தது. கோன்ஹைம் அளவுக்கு மீறிச் சொல்லிவிட்டார் என்று ஒதுக்கியவர்கள் உண்டு. ஆனால் கன்றுக்குட்டியின் விஷயத்தில் அவர் கருத்து நன்றாகவே பொருந்துகிறது.

டார்ச் வெளிச்சத்தில் கண்ட அந்தக் கறுப்புக் கட்டிக்குத் திரும்புவோம்.

கறுப்பு வெள்ளைக் கன்று ஒன்றைக் கிடத்தி அதன் மேலுடம்பை உற்றுப் பார்த்தால், அது ஒரு பயணத்தின் வரைபடம் என்பது புரியும். தோலுக்கும் மயிருக்கும் நிறம் கொடுக்கும் செல்கள் தோலில் பிறப்பதில்லை. கரு சில வாரமே வளர்ந்திருக்கும்போது முதுகெலும்பு உருவாக வேண்டிய கோட்டில் நரம்புக்குழாய் மூடிக்கொள்கிறது. அந்தக் குழாயின் விளிம்பில் உள்ள செல்கூட்டத்துக்கு நரம்பு முகடு என்று பெயர். வில்ஹெல்ம் ஹிஸ் 1868இல் கோழிக்கருவில் இதை முதலில் விவரித்தார். அங்கிருந்து செல்கள் பிரிந்து, விலாப்பக்கமாக இறங்கி, வழியெல்லாம் பெருகிக்கொண்டே வயிற்றையும் காலையும் முகத்தையும் நோக்கிப் போகின்றன. போதுமான எண்ணிக்கையில் போய்ச் சேர்ந்த இடம் கறுக்கிறது. சேராத இடம் வெள்ளையாகவே நின்றுவிடுகிறது. நெற்றிச் சுட்டி, அடிவயிறு, குளம்புக்கு மேலே, வால் நுனி என்று பல மாடுகளில் வெள்ளை விழும் இடங்களைக் கவனித்தால், எல்லாமே முதுகிலிருந்து தொலைவில் இருப்பவை. ஒரு விலங்கின் உடம்பில் இவ்வளவு நீண்ட நடைபோடும் செல்கள் வேறு அதிகமில்லை. அந்த நடையின் நடுவே சில செல்கள் ஓரிடத்தில் தங்கி, நிற்காமல் பெருகிக்கொண்டே போனால், அங்கே கறுப்பாக ஒரு மேடு எழும்.

மாடுகளின் நிறமிச் செல் கட்டிகளுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. மனிதருக்கு மெலனோமா வயது ஏற ஏறத்தான் அதிகம் வருகிறது. வயதான வெள்ளைக் குதிரைகளுக்கும் அப்படியே. மாட்டில் நிலைமை தலைகீழ். இவை அதிகமும் ஒன்றரை வயதுக்கு உட்பட்ட இளம் மாடுகளில்தான் வருகின்றன, சிலவற்றில் பிறக்கும்போதே இருக்கின்றன. 1995இல் அமெரிக்காவில் இப்படிப்பட்ட 10 இளம் மாடுகளின் கட்டிகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளிவந்தது. அதை எழுதியவர்கள் தலைப்பிலேயே ‘மெலனோமா’ என்ற அச்சமூட்டும் சொல்லைத் தவிர்த்து, சாதுவான கட்டி என்று பொருள்படும் ‘மெலனோசைட்டோமா’ என்ற சொல்லைப் போட்டார்கள். அந்தத் தேர்வுக்குக் காரணம் இருக்கிறது. கன்றின் கறுப்புக் கட்டி எவ்வளவு பெரிதாக, எவ்வளவு கோரமாகத் தெரிந்தாலும், உடம்பின் மற்ற இடங்களுக்குப் பரவுவது அபூர்வம். முழுதாக வெட்டியெடுத்தால் பெரும்பாலும் கதை அங்கேயே முடிந்துவிடும். இதைத் தெரியாமல், கட்டியைப் பார்த்த மாத்திரத்தில் நல்ல கிடேரிக்கன்றை அடிமாட்டுக்குத் தள்ளிவிடுவது பெரிய இழப்பு.

எல்லாக் கட்டியும் கறுப்பல்ல. 2001இல் கனடாவின் கால்நடை மருத்துவ இதழில் ஒரு ஹோல்ஸ்டீன் கன்றைப் பற்றிய குறிப்பு வந்தது. அதன் தோலில் பிறவியிலேயே கட்டிகள் இருந்தன, அவை மாஸ்ட் செல்களால் ஆனவை. ஹோல்ஸ்டீன் என்றால் தமிழ்நாட்டு ஊர்களில் ‘எச்.எஃப்’ என்று சொல்லும் அதே கறுப்பு வெள்ளை இனம்தான். நம் கலப்பினப் பசுக்களில் பலவற்றின் உடம்பில் அதன் இரத்தம் ஓடுகிறது.

மாஸ்ட் செல்லின் கதையைக் கொஞ்சம் நின்று கேட்கத்தான் வேண்டும். 1878இல், 24 வயது மருத்துவ மாணவர் பால் எர்லிக், துணிக்குப் போடும் புதுச் சாயங்களைத் திசுக்களில் ஊற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். சில செல்களுக்குள் மணிமணியாக ஏதோ அடைந்திருந்தது. இவை வயிறு முட்டத் தின்ற செல்கள் என்று நினைத்து, ‘மாஸ்ட்’ என்று பெயர் சூட்டினார். ஜெர்மானிய விவசாயிகள் மாட்டையும் பன்றியையும் தீனி போட்டுக் கொழுக்க வைப்பதற்குச் சொல்லும் சொல் அது. கொட்டகைச் சொல் ஒன்று அறிவியலுக்குள் நுழைந்து இன்றுவரை நிலைத்துவிட்டது. அந்த மணிகள் தீனி அல்ல என்பது பின்னால் தெரிந்தது. அவை ஹிஸ்டமின், ஹெப்பாரின் போன்ற வேதிப்பொருட்களை அடைத்து வைத்திருக்கும் பைகள். கொசு கடித்த இடம் தடிப்பதும் அரிப்பதும் இந்தப் பைகள் திறப்பதால்தான்.

ஆய்வகத்தில் மாஸ்ட் செல் கட்டியைக் கண்டுபிடிக்கும் தருணம் பார்க்க அழகானது. சந்தேகம் உள்ள கட்டியில் மெல்லிய ஊசியைக் குத்தி உறிஞ்சி, அந்தத் துளியைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து உலர்த்துகிறார்கள். டொலுயிடின் நீலம் என்ற சாயத்தை விடுகிறார்கள். பெயருக்கேற்ப மற்ற செல்களெல்லாம் நீலமாகின்றன. மாஸ்ட் செல்லின் மணிகள் மட்டும் அந்த நீலத்தையே வாங்கி ஊதாச் சிவப்பாக மாற்றிக் காட்டுகின்றன. நாவல்பழம் தின்ற நாக்கின் நிறம். சில நிமிடங்களில் விடை கிடைத்துவிடுகிறது.

நிறமிச் செல்லும் மாஸ்ட் செல்லும் பிறப்பால் வேறு வேறு குடும்பம். முன்னது நரம்பு முகட்டிலிருந்து வருவது, பின்னது இரத்தம் உற்பத்தியாகும் இடத்திலிருந்து வருவது. ஆனால் இரண்டும் உயிர் பிழைக்கவும் நடைபோடவும் ஒரே மரபணுவை நம்பியிருக்கின்றன. அதன் பெயர் கிட். பூனைக்குப் புற்று உண்டாக்கும் ஒரு வைரஸில் முதலில் இது கிடைத்ததால், பூனைக்குட்டியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கமாக அந்தப் பெயர் வந்தது. இந்த மரபணு பழுதான சில எலிகள் மேலெல்லாம் வெளுத்துப் பிறக்கும். அவற்றின் தோலில் மாஸ்ட் செல்களும் கிட்டத்தட்ட இருக்கவே இருக்காது என்று ஜப்பானின் யுகிஹிகோ கிடமுரா குழு 1978இல் காட்டியது. நிறமும் ஒவ்வாமைச் செல்லும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கின்றன.

மாட்டில் இந்தக் கயிறு இன்னும் வேடிக்கையாக முறுக்கிக்கொண்டிருக்கிறது. விலாப்பக்கம் நிறமும், முதுகுத்தண்டு நெடுக வெள்ளைப் பட்டையுமாகப் பிறக்கும் மாடுகள் உண்டு. பெல்ஜியன் புளூ, பிரவுன் சுவிஸ் இனங்களில் அந்த வரியை ஆராய்ந்தபோது, 6ஆம் குரோமோசோமில் இருக்க வேண்டிய கிட் மரபணுத் துண்டு ஒன்று வளையமாகச் சுருண்டு 29ஆம் குரோமோசோமில் போய் ஒட்டியிருந்தது. பிரவுன் சுவிஸ் மாட்டில் அது அங்கிருந்து ஒரு துண்டையும் சேர்த்துக்கொண்டு பழைய இடத்துக்கே திரும்பியும் இருந்தது. 2012இல் வந்த கண்டுபிடிப்பு இது. சந்தையில் மாட்டின் நிறம் பார்த்து விலை பேசுகிறவர் தம்மையறியாமல் இந்த மரபணுவின் வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். கிட் அளவோடு பேசினால் நிறம். நாய்களின் மாஸ்ட் செல் புற்றில் பலமுறை பார்த்ததுபோல, நிறுத்தாமல் கத்தினால் கட்டி.

கொட்டகையில் சொல்லப்பட்ட மற்றக் காரணங்களையும் முழுக்கத் தள்ளிவிட முடியாது. தோல் கழலை நோயைக் கிளப்பும் வைரஸ் சினைமாட்டின் கருவுக்குள் போக முடியும் என்பதற்கு, கழலைகளோடே பிறந்த ஒரு கன்றை வைத்து எகிப்திலிருந்து 2016இல் சான்று வந்தது. பாலுண்ணியின் வைரஸான மாட்டுப் பாப்பிலோமா வைரஸின் மரபுப்பொருள் மாடுகளின் இரத்தத்திலும் இருப்பதைப் பிரேசில் ஆய்வாளர்கள் கண்டார்கள். அது தாயிடமிருந்து கன்றுக்குப் போகக்கூடும் என்றும் அவர்கள் காட்டினார்கள். ஆனாலும் பாலுண்ணி வழக்கமாக ஆறு மாதத்துக்குமேல்தான் தலைகாட்டும். சில மாதங்களில் உடம்பே அதைத் தள்ளிவிடும். குதிரை மயிர் வைத்தியத்துக்குக் கிடைத்த நல்ல பெயரில் பெரும்பங்கு அந்த உடம்புக்கே சேர வேண்டியது. கிரகணத்துக்கு மட்டும் ஒரு சான்றும் இல்லை.

வைரஸ் விஷயத்தில் பசுவின் நச்சுக்கொடி ஒரு அருமையான வசதியைச் செய்து தருகிறது. மனிதத் தாயின் நச்சுக்கொடி எதிர்ப்புப் புரதங்களைக் கருவுக்கு அனுப்பும். பசுவினுடையது அனுப்பாது. அதனால்தான் கன்றுக்குச் சீம்பால் உயிர்நாடி. இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். சீம்பால் ஒரு மிடறு உள்ளே போவதற்கு முன்பு கன்றின் இரத்தத்தை எடுத்துச் சோதிக்கிறோம். அதில் ஒரு வைரஸுக்கு எதிரான புரதம் இருந்தால், தாய் கொடுத்ததாக இருக்க முடியாது. கருவிலேயே நோய் தொற்றி, கன்று தானே உண்டாக்கிக்கொண்டதுதான். மாட்டு இரத்தப்புற்று வைரஸ் ஒரு சிறு பங்கு கன்றுகளுக்குக் கருப்பையிலேயே தொற்றுகிறது என்பது இந்த வழியில்தான் தெரிய வந்தது.

அந்த வைரஸை 1969இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜேனிஸ் மில்லர் குழுவினர் கண்டார்கள். அது மாட்டில் பல வருடம் பதுங்கியிருந்து, பெரும்பாலும் மூன்று வயதுக்குப் பிறகே கட்டிகளைக் கிளப்பும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளில் வரும் நிணநீர்ப் புற்றில் இந்த வைரஸின் கை இருப்பதில்லை. கன்றுக் கட்டிகளில் உண்மையாகவே பயப்பட வேண்டியது இந்தப் புற்றுதான். இதற்கு ஒரு அடையாளம் உண்டு. தாடைக்கடியில், தோளுக்கு முன்னால், தொடை மடிப்பில் என்று நிணநீர்க்கணுக்கள் இருக்கும் இடங்களில், வலதும் இடதும் ஒரே அளவாக, எலுமிச்சை, ஆரஞ்சு என்று பருத்துக்கொண்டு போகும். தோல் மேலே வழுக்கிக்கொண்டு நகரும், கட்டி அடியில் இருக்கும். கன்று மெலியும், மூச்சு வாங்கும், சில வாரங்களில் போய்விடும். தோலோடு ஒட்டி நகரும் ஒற்றைக் கட்டிக்கும், தோலுக்கடியில் இரட்டை இரட்டையாகப் பருக்கும் கணுக்களுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை மாடு வளர்க்கும் எவரும் விரல் நுனியிலேயே தெரிந்துகொள்ளலாம்.

இனி இந்தக் கதையின் மிக வியப்பான பகுதி. சில பிறவிக் கட்டிகள் தாமாகவே கரைந்து போகின்றன.

அமெரிக்காவின் மிசௌரியில் வளர்க்கப்பட்ட சின்கிளேர் என்ற குட்டை இனப் பன்றிகளும், செக் நாட்டின் லிபேகோவ் ஆய்வு நிலையத்துப் பன்றிகளும் இதற்குப் பெயர்போனவை. இவற்றின் குட்டிகளில் பல கறுப்பு மெலனோமாவோடு பிறக்கின்றன. அது சாதுவான மேடல்ல, நிணநீர்க்கணு, நுரையீரல் வரை பரவக்கூடிய புற்று. சில வாரங்களில் எதிர்ப்புச் செல்கள் அந்தக் கட்டிக்குள் திரண்டு நுழைகின்றன. கட்டி சப்பையாகிறது, சாம்பலாகிறது, வெளுக்கிறது. பல பன்றிகளில் கட்டியோடு சேர்ந்து சுற்றியுள்ள தோலும் மயிரும்கூட வெளுத்துப் போகின்றன. நிறமிச் செல்லையே எதிரியென்று அடையாளம் கண்டுகொண்ட உடம்பு, கட்டியில் இருப்பது எது, தோலில் இருப்பது எது என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

மனிதக் குழந்தைகளிலும் இது நடக்கிறது. நரம்பு முகட்டிலிருந்து வரும் இன்னொரு கட்டி நியூரோபிளாஸ்டோமா. ஒரு வயதுக்கு உட்பட்ட சில குழந்தைகளில் அது கல்லீரலுக்கும் தோலுக்கும் பரவிய பிறகும், சிகிச்சை அதிகமில்லாமலேயே மறைந்துவிடும். டான்ஜியோ, இவான்ஸ், கூப் ஆகிய மூன்று அமெரிக்க மருத்துவர்கள் 1971இல் இதைத் தனிவகையாகப் பிரித்துக் காட்டினார்கள். இப்படிப் பிரித்துப் பார்ப்பது எவ்வளவு முக்கியமானது என்பது ஜப்பானில் தெரிந்தது. 1980களின் நடுவில் அங்கே ஆறு மாதக் குழந்தைகள் எல்லாருக்கும் சிறுநீர்ச் சோதனை செய்து இந்தக் கட்டியை முன்கூட்டியே பிடிக்கும் திட்டம் நாடு முழுவதும் வந்தது. நிறையக் கட்டிகள் அகப்பட்டன. பிறகுதான் புரிந்தது, அவற்றில் கணிசமானவை விட்டிருந்தால் தாமாகவே கரைந்திருக்கும். அறுவை சிகிச்சையும் மருந்தும் தேவைப்படாத குழந்தைகளுக்கு அவை கொடுக்கப்பட்டிருந்தன. 2004இல் திட்டம் நிறுத்தப்பட்டது.

இளம் உடம்புக்குக் கட்டியை அடக்கும் இந்த வலு எங்கிருந்து வருகிறது? இரண்டு சோதனைகள் வழிகாட்டுகின்றன. கோழிக்குப் புற்று உண்டாக்கும் ரவுஸ் வைரஸை வளர்ந்த குஞ்சுக்குச் செலுத்தினால் விரைவிலேயே கட்டி எழும். மினா பிசெல்லும் டேவிட் டால்பெர்கும் அதே வைரஸை நாலு நாள் கோழிக்கருவின் சிறகு முளைக்கும் இடத்தில் செலுத்தினார்கள். 1984இல் வெளியான அந்த ஆய்வில், வைரஸ் செல்களுக்குள் புகுந்து தன் வேலையைத் தொடங்கியிருந்தும் கட்டி எழவில்லை. ஆனால் அந்தச் சிறகின் செல்களைப் பிரித்துக் கண்ணாடித் தட்டில் தனித்தனியாகப் பரப்பியபோது, ஒரே நாளில் அவை புற்றுச் செல்களாக மாறின. கூட்டத்துக்குள் இருக்கும்வரை அக்கம்பக்கம் அவற்றைக் கட்டுக்குள் வைத்திருந்திருக்கிறது.

இரண்டாவது சோதனை இன்னும் துணிச்சலானது. அமெரிக்காவின் பால் குலேசா குழுவினர், மனிதரின் பரவும் மெலனோமாச் செல்களை எடுத்துக் கோழிக்கருவின் நரம்புக்குழாயில் வைத்தார்கள். 2006இல் வந்த முடிவு: அந்தப் புற்றுச் செல்கள் கட்டியாகவில்லை. தங்கள் மூதாதைகளான நரம்பு முகட்டுச் செல்கள் நடந்த அதே பாதைகளில் கோழிக்குள் நடந்து போயின. பத்து வருடம் கழித்து, 2016இல், லியோனர்ட் ஸோன் குழுவினர் வரிக்குதிரை மீனில் மறுபக்கத்தைப் பார்த்தார்கள். மீனின் தோலில் ஆயிரக்கணக்கான நிறமிச் செல்களுக்கு ஒரே மரபணுக் கோளாறு இருந்தும், மெலனோமாவாக மாறியது நரம்பு முகட்டின் பழைய நிலைக்குத் திரும்பிய ஒரு செல் மட்டும்தான். அந்த ஒற்றைச் செல் பச்சையாக ஒளிர்வதை அவர்களால் நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்க்க முடிந்தது.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு, கன்றின் தோளில் இருக்கும் நெல்லிக்காய் வேறாகத் தெரிகிறது. முடிய வேண்டிய நேரத்தில் முடியாமல், கருவறை வேலையைப் பிறந்த பிறகும் தொடர்ந்துகொண்டிருக்கும் செல்கள் அவை. அவற்றைக் கண்டு கன்றைக் கைவிட வேண்டியதில்லை. கயிறு கட்டி இறுக்குவதும், சூடு போடுவதும், கண்ட இலையை அரைத்துப் பூசுவதும் கூடவே கூடாது. புண்ணாகிப் புழு வைத்துவிட்டால், பிழைக்க வேண்டிய கன்று அதனால் போகும். முதலில் சீம்பால் குடிக்கட்டும். பிறகு 1962 என்ற எண்ணுக்கோ பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கோ சொல்லலாம்.

மருத்துவர் வந்தால் முதலில் கணுக்களைத் தடவிப் பார்ப்பார். ஊசியால் உறிஞ்சிச் சில்லில் தேய்ப்பார். கன்று நன்றாகக் குடித்து வளர்ந்தால் சில வாரம் பொறுத்து, கட்டியைச் சுற்றி ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து, கொஞ்சம் நல்ல தோலையும் சேர்த்து வெட்டியெடுப்பார். எடுத்த கட்டியைக் குப்பையில் போடக்கூடாது. ஒரு சென்டிமீட்டருக்கு மேற்படாத தடிமனில் அறுத்து, அதைப்போலப் பத்து மடங்கு அளவு பத்து சதவீத ஃபார்மலின் ஊற்றிய, வாய் அகன்ற பாட்டிலில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். கட்டி எந்த வகை, ஓரம்வரை முழுதாக வந்ததா என்பது அங்கேதான் தெரியும்.

பாட்டிலோடு போகும் சீட்டில் ஒரு வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தாய்க்குப் போட்ட உறைவிந்துக் குச்சியின் எண். சினை ஊசி போட்ட குச்சியின்மேல் காளையின் எண் அச்சடித்திருக்கும். ஒரே காளைக்கு ஆயிரக்கணக்கான கன்றுகள் பல மாவட்டங்களில் பிறக்கும் காலம் இது. 2000ஆம் ஆண்டு வாக்கில் டென்மார்க்கில், கழுத்து குறுகி முதுகெலும்பு கோணிப் பிறந்த ஹோல்ஸ்டீன் கன்றுகளைக் குழியில் புதைத்துவிடாமல் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். தந்தை வழியைத் தேடிப் போனபோது, கோடு கார்லின்-எம் ஐவன்ஹோ பெல் என்ற அமெரிக்கக் காளையில் போய் நின்றது. உலகமெங்கும் விந்து போன பிரபலமான காளை அது. இன்று அந்தக் குறையைச் சுமக்கும் காளைகளை மரபணுச் சோதனையில் கண்டு விலக்க முடிகிறது.

எனவே கொட்டகைச் சுவரில் செருகி வைத்த சினை ஊசி அட்டையை எடுத்து, காளையின் எண்ணைச் சீட்டில் எழுதுகிறார்கள். இனம், பிறந்த தேதி, கட்டி இருந்த இடம், அகலம், நிறம், தாய்க்கு இது எத்தனையாவது ஈற்று. பாட்டிலின் மூடியைச் சுற்றிப் பிளாஸ்திரி ஒட்டியாகிறது. தோளில் நாலு தையலோடு கன்று கயிற்றை இழுத்துக்கொண்டு தாயின் மடியை முட்டுகிறது.